காத்து திரும்புனா தீயும் திரும்பும்: காட்டுத்தீயில காத்தோட வேலை என்ன?

மாசி கடைசி, பங்குனி வந்துருச்சுன்னா பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டுப் பக்கமோ, சத்தியமங்கலத்துல இருந்து பண்ணாரி போற வழியிலயோ பொழுதுசாய நின்னு மலையைப் பாருங்க, சில நாள்ல நெருப்பு கோடு கோடா தெரியும். உடனே போனை எடுத்து போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க நெறைய. அப்புறம் எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், ராத்திரி பூராவும் அங்கேயே கெடந்து மெதுவா எரிஞ்ச தீ மறுநாள் மத்தியானம் எப்படிங்க ரெண்டு சரிவு தாண்டிப் போச்சு, யாராச்சும் மறுபடியும் வச்சுட்டாங்களோ? பல நேரம் யாரும் புதுசா வைக்கறதில்லைங்க. காத்து எந்திரிச்சுருக்கும், அவ்வளவுதான்.

காட்டுத்தீ எப்படி நடந்துக்கும்கிறதை மூணு விஷயம் சேர்ந்து முடிவு பண்ணுது. எரியறதுக்கு என்ன கெடக்குது (புல்லு, சருகு, மூங்கில், உண்ணிச்செடிப் புதரு), நிலம் எப்படி இருக்குது (சமவெளியா, சரிவா, பள்ளமா), அன்னைக்கு வானிலை எப்படி. முதல் ரெண்டும் ஒரே நாள்ல பெருசா மாறப் போறதில்லை. மலை நகராது, நேத்து காய்ஞ்ச புல்லு இன்னைக்கும் காய்ஞ்சுதான் இருக்கும். வானிலையில வெய்யிலும் ஈரப்பதமும் கூட மணிக்கணக்குலதான் மாறும். ஆனா காத்து அஞ்சு நிமிஷத்துல வேகம் ஏறும், பத்து நிமிஷத்துல திசையே மாறிடும். அதனாலதான் தீயணைக்கிற ஆளுக மத்த எதையும்விட காத்தையே பாத்துட்டு இருக்காங்க. அதுலயும் நான் சொல்ல வர்றது வேகத்தைப் பத்தி இல்லைங்க, திசையைப் பத்தி. வேகமான காத்துன்னா எல்லாருக்கும் பயம் வரும், ஒதுங்கிருவாங்க. திசை மாறும்போதுதான் 'நம்ம பக்கம் வராது'ன்னு நின்னுட்டு இருந்தவங்க மாட்டிக்கிறாங்க.

அதுக்கு முன்னாடி அடிப்படையைப் பாத்துரலாம். காத்து தீயை என்ன பண்ணுது? வெறகடுப்பை ஊதாங்குழல் வச்சு ஊதுனா குப்புனு புடிக்குதுல்ல, அது மாதிரி ஆக்சிஜன் குடுக்குது, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா காட்டுல அதைவிடப் பெரிய வேலை ஒண்ணு நடக்குது. காத்தே இல்லைன்னா தீச்சுவாலை நேரா மேல எந்திரிக்கும், அனல் பூராவும் வானத்துக்குப் போயிரும், பக்கத்துல இருக்கற புல்லுக்கு கொஞ்சந்தான் சூடு கெடைக்கும். காத்து அடிச்சா சுவாலை முன்பக்கமா படுக்கும். படுத்த சுவாலை முன்னாடி இருக்கற புல்லையும் சருகையும் தொட்டுத் தடவி சூடாக்கும், அதுல மிச்சம் மீதி இருக்கற ஈரம் ஆவியாப் போயிரும், தீ அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அது எரியறதுக்குத் தயாரா நிக்கும். அதனாலதான் காத்து கொஞ்சம் ஏறுனாலும் தீயோட வேகம் அதைவிட ஜாஸ்தி ஏறுற மாதிரி நமக்குத் தெரியுது.

அடுத்தது காய வைக்கிறது. தடிமனான மரக்கட்டை காய வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும், ஆனா புல்லும் சருகும் சுத்தி இருக்கற காத்துக்கு ஏத்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஈரத்தை விடும், ஈரத்தை எடுக்கும். விடியால பனியில நனைஞ்சு கெடந்த கொழுக்கட்டைப் புல்லு பதினோரு மணிக்கு வெய்யிலும் வறண்ட காத்தும் பட்டா தீக்குச்சி போதும்கிற நெலைமைக்கு வந்துரும். காலைல பாத்தப்ப ஈரமா இருந்துச்சேன்னு யாரும் நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது.

அப்புறம் தீப்பொறி. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது. எரியற பட்டை, மூங்கில் தோல், சருகுத் துண்டு எல்லாம் அனலோட மேல எந்திரிச்சு காத்துல பறந்து தீக்கு ரொம்ப முன்னாடி போய் விழுந்து அங்க புதுசா ஒரு தீ புடிக்கும். நடுவுல ரோடு இருந்தாலும் சரி, ஓடை இருந்தாலும் சரி, தீ தாண்டாம இருக்கறதுக்கு வனத்துறை புல்லு, சருகை எடுத்து வெட்டுன ஃபயர் லைன் இருந்தாலும் சரி, எல்லாத்தையும் மேலாலேயே தாண்டிரும். யூகலிப்டஸ் பட்டை நீளமா சுருண்டு தொங்கும், அது எரிஞ்சுக்கிட்டே ரொம்ப தூரம் போகக் கூடியது. ஆஸ்திரேலியாவுல 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி விக்டோரியா மாநிலத்துல எரிஞ்ச தீயில பொறி 30 கிலோமீட்டருக்கும் மேல பறந்து போய் தீ வச்சதாப் பதிவு இருக்குது. நம்ம ஊர்க் காட்டுல பெரும்பாலும் தரையோட எரியற தீதான், மரத்து உச்சிக்கு ஏறி எரியறது அபூர்வம், அதனால அவ்வளவு தூரம் எல்லாம் போகாது. ஆனா மலையடிவாரத்துல தோட்டத்துக்குள்ள ஒரு சோளத்தட்டுப் போரு இருக்குது, ஓலை வேய்ஞ்ச சாளை ஒண்ணு இருக்குதுன்னா அதுக்குப் பொறி ரொம்ப தூரம் எல்லாம் வர வேண்டியதே இல்லைங்க. சரிவுல இன்னொண்ணும் நடக்கும், எரியற கட்டையும் மூங்கில் கணுவும் உருண்டு கீழ வந்து லைனைத் தாண்டி விழும்.

சரி, தீ எவ்வளவு வேகமாப் போகும்? காட்டுத்தீயை ஆராயறவங்க ஒரு சுலபமான கணக்கு சொல்றாங்க. நல்லா காய்ஞ்ச நாள்ல, திறந்த வெளியில அடிக்கிற காத்தோட வேகத்துல சுமாரா பத்துல ஒரு பங்கு வேகத்துக்கு காட்டுல தீ முன்னேறும். மணிக்கு 30 கிலோமீட்டர் காத்துன்னா தீ மணிக்கு 3 கிலோமீட்டர். கேக்கறதுக்கு கம்மியாத் தெரியும், ஆனா புதருக்குள்ள, கல்லும் முள்ளுமா இருக்கற மேட்டுல நீங்க மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்க முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. காய்ஞ்ச புல்வெளியில இன்னும் மோசம், கடும் காத்துல புல்லுத் தீ மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல போனது உண்டு. நம்ம காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு (மாடு, ஆடு மேய விட்ட நிலம்) எல்லாம் வெட்டவெளிப் புல்லுதான், கோடையில சுத்தியும் கிளுவை வேலி காய்ஞ்சு நிக்கும், காத்தைத் தடுக்க அங்கொண்ணு இங்கொண்ணுன்னு வெள்வேல மரம், அவ்வளவுதான். அடர்த்தியான காட்டுக்குள்ள மரங்களே காத்தைத் தடுத்து வேகத்தைக் கொறைச்சுரும், வெட்டவெளியில அந்தத் தடுப்பு இல்லை.

சரிவும் சேர்ந்துச்சுன்னா கணக்கே வேற. மேல் நோக்கி எரியற தீக்கு சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும். 20 டிகிரி சரிவுன்னா நாலு மடங்கு. காரணம் முன்னாடி சொன்னதுதான், சரிவுல மேல இருக்கற புல்லு சுவாலைக்குப் பக்கத்துல வந்துருது. பகல்ல வெய்யில்ல சூடான காத்து சரிவோட மேல ஏறும், அது தீயை மேல தள்ளும். ரெண்டு பக்கமும் செங்குத்தா இருக்கற பள்ளத்துக்குள்ள தீ புகுந்துட்டா அனலும் காத்தும் ஒரே பாதையில மேல இழுக்கும், அந்தப் பள்ளத்துல மேல ஆள் இருந்தா தப்பிக்கறது ரொம்பக் கஷ்டம்.

இப்ப திசைக்கு வர்றேன். ஒரே பக்கமா காத்து அடிச்சா தீ வட்டமா பரவாது, நீளவட்டமாத்தான் பரவும். காத்து தள்ளுற பக்கம் இருக்கறது தலை, அங்கதான் சுவாலை உயரம், வேகம் ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் விலா, அங்க தீ சாதாரணமா மெதுவா அகலும். காத்து வர்ற பக்கம் வால், அங்க தீ காத்தை எதுத்துக்கிட்டு ஊர்ந்து போகும், முட்டிக்கால் உயரம்கூட இருக்காது. விலாப் பக்கம் நின்னு பாக்குறவங்களுக்கு 'இது என்ன பெரிய தீ'ன்னுதான் தோணும்.

ஒரு கணக்குக்கு, தீ கெழக்க இருந்து மேக்கால 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் போயிருக்குது, அகலம் 400 மீட்டர்தான்னு வச்சுக்கோங்க. தலைப்பக்கம் மேக்குல சின்னதா இருக்குது, அங்க ஆள் நிப்பாட்டி அணைக்கப் பாக்குறாங்க. திடீர்னு காத்து வடக்க இருந்து அடிக்க ஆரம்பிக்குது. இப்ப தெக்கு விலா இருக்குதுல்ல, அந்த 2 கிலோமீட்டரும் ஒரே நேரத்துல தலையாயிருது. அரை மணி நேரம் முன்னாடி 400 மீட்டருக்கு இருந்த ஆபத்து இப்ப 2 கிலோமீட்டருக்கு. தெக்கால இருந்த ஊருக்கு, 'தீ மேக்கால போகுது, நமக்கு ஒண்ணுமில்லை'ன்னு டீ குடிச்சுட்டு இருந்தவங்களுக்கு, யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லைங்க. அந்த 2009 விக்டோரியா தீயில மொத்தம் 173 பேர் செத்தாங்க. அன்னைக்குப் பகல் பூராவும் வடமேக்குல இருந்து அனல் காத்து அடிச்சு தீ தென்கெழக்கா ஓடுச்சு, பொழுதோட தென்மேக்குக் காத்து வந்து திரும்புனதும் விலா பூராவும் தலையாகி வடகெழக்கா கெளம்பிருச்சு. மேரீஸ்வில்ங்கிற ஊரு அப்படி அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் வந்த தீயிலதான் அழிஞ்சது. காத்து மாறும்னு வானிலை ஆளுக முன்னாடியே சொல்லித்தான் இருந்தாங்க, ஆனா மாறுன அப்புறம் தீ யார் வாசலுக்கு வரும்கிறது ஊர்க்காரங்களுக்குப் போய்ச் சேரலை.

இன்னொண்ணு அமெரிக்காவுல அரிசோனாவுல யார்னெல் ஹில் தீ, 2013 ஜூன் 30. நல்லாப் பயிற்சி எடுத்த தீயணைப்புக் குழுவுல 19 பேரு ஒரே இடத்துல செத்துட்டாங்க. பக்கத்துல இடிமழை மேகம் ஒண்ணு கெளம்பி இருந்துச்சு. மழை மேகம் உடையும்போது அதுக்குள்ள இருந்து குளிர்ந்த காத்து கீழ விழுந்து தரையில நாலா பக்கமும் பாயும், அந்தக் காத்து தீயைத் திருப்பி அவங்க இருந்த பக்கமே தள்ளிருச்சு. அவங்க அதுக்கு முன்னாடி ஏற்கெனவே எரிஞ்சு கரியாக் கெடந்த இடத்துல பாதுகாப்பா இருந்தாங்க, அங்கிருந்து வேற இடத்துக்குப் போகலாம்னு எரியாத புதருக்குள்ள இறங்கி நடந்தப்பதான் தீ வந்து மறிச்சுது.

இதை நம்ம ஊர்ல நெனச்சுப் பாருங்க. சித்திரை மாசம் மத்தியானம் மேல மலைப்பக்கம் கருமேகம் கட்டும், சித்த நேரத்துல மண்வாசத்தோட ஜில்லுனு ஒரு காத்து வரும், புழுதியைக் கெளப்பிக்கிட்டு வரும், நம்ம எல்லாம் 'அப்பாடா மழை வருது'ன்னு வெளிய வந்து நிப்போம். மலையில தீ எரிஞ்சுட்டு இருக்கற நாள்ல அந்தக் காத்து சந்தோஷமான விஷயம் இல்லை. மழை வர்றதுக்கு முன்னாடி காத்து வந்துரும், சில நேரம் மழையே வராம காத்து மட்டும் வந்துட்டுப் போகும். கோடை மழை தீயை அணைக்கும்கிறது நெசந்தான், ஆனா முதல் துளி விழுகறதுக்கு முன்னாடி இருக்கற பத்து இருபது நிமிஷம்தான் தீயணைக்கிற ஆளுகளுக்கு அந்த நாளோட மோசமான நேரம்.

கொங்கு நாட்டுக்கு காத்துல ஒரு தனி விசேஷம் இருக்குது, பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை நீளமா அடைச்சு நிக்குது, வடக்கால நீலகிரி, தெக்கால ஆனைமலை, ரெண்டும் 2000 மீட்டருக்கு மேல. நடுவுல வாளையார் பக்கம் சுமார் 30 கிலோமீட்டருக்கும் மேல அகலத்துக்கு மலையே இல்லாம தெறந்து கெடக்குது. ரெண்டு பக்கமும் தடுக்கப்பட்ட காத்து பூராவும் இந்த வழியாத்தான் போகணும், அதனால வேகம் கூடுது. வைகாசியில இருந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும் மேக்குக் காத்து இந்த வழியா உள்ள வந்து பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கற காத்தாடி எல்லாத்தையும் சுத்துது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா அப்ப மலையில மழை இருக்கும், தீ பயம் கெடையாது. தீ சீசன் தையில இருந்து சித்திரை வரைக்கும். மார்கழி, தையில எல்லாம் காத்து நேர் எதிரா, கெழக்க இருந்து வறண்டு போய் பாலக்காட்டுப் பக்கம் அடிக்கும். பங்குனி, சித்திரையில ஒரு காலம் முடிஞ்சு இன்னொரு காலம் ஆரம்பிக்கிற நேரம், காலைல ஒரு பக்கம் இருந்து வர்ற காத்து சாயங்காலம் கணவாய் வழியா மறு பக்கம் இருந்து வரும். நம்ம ஊர்ல பொழுதோட வெளிய உக்காந்தா சுகமா ஒரு மேக்குக் காத்து வருதுல்ல, மதுக்கரை, வாளையார் சுத்துன காட்டுல தீ எரிஞ்சா அதே காத்துதான் அதோட விலாவைத் தலையாக்கக் கூடியது.

மலை இடுக்குக் காத்து என்ன பண்ணும்கிறதுக்கு கலிஃபோர்னியாவுல பாரடைஸ்னு ஒரு ஊரு சாட்சி. 2018 நவம்பர் 8-ஆம் தேதி, ஜார்போ கேப்ங்கிற மலை இடுக்கு வழியா வறண்ட வடகெழக்குக் காத்து பாய்ஞ்சு, அது தள்ளுன தீ விடியால கெளம்பி காலைலயே ஊருக்குள்ள வந்துருச்சு, தலை வர்றதுக்கு முன்னாடியே பொறி பறந்து ஊருக்குள்ள பல எடத்துல புடிச்சுருச்சு. 85 பேர் செத்தாங்க. அங்க காடு வேற, வீடு மரத்துல கட்டுனது, அதனால அதே மாதிரி இங்க நடக்கும்னு நான் சொல்லலை. இடுக்குல வர்ற காத்தைக் கொறைச்சு எடை போடக் கூடாது, அது மட்டும் ரெண்டு ஊருக்கும் பொதுதான்.

மலைக்குன்னே ஒரு தினக் காத்தும் இருக்குது. பகல்ல சரிவு சூடாகி காத்து மேல ஏறும், ராத்திரி சரிவு குளுந்து காத்து கீழ இறங்கும். கோயமுத்தூர் பக்கம் பாக்குற சரிவுகள் பலதும் கெழக்கு முகம், காலை வெய்யில் நேரா விழுகறதனால ஏறுகாத்து சீக்கிரமே ஆரம்பிச்சுரும். போளுவாம்பட்டி மாதிரி மலை சூழ்ந்த பள்ளத்தாக்குல பகல்ல காத்து உள்ள போய் மேல ஏறும். ராத்திரி அடிவாரத்துப் பக்கம் இறங்கும், புகையும் ஊருக்குள்ள இறங்கி வரும். ராத்திரித் தீ மெதுவா இருக்கறதுக்கு இதான் காரணம், இறங்குகாத்து தீயை மேல ஏற விடாது, ஈரமும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆரம்பத்துல கேட்டோமே, மறுநாள் மத்தியானம் எப்படி ஓடுச்சுன்னு, காலைல பத்து பதினோரு மணிக்கு இந்தக் காத்து கீழ்முகத்துல இருந்து மேல்முகமாத் திரும்புது பாருங்க, அங்கதான் ஆரம்பம்.

இப்ப அணைக்கிற ஆளுகளைப் பத்தி. டிவியில ஹெலிகாப்டர் தண்ணி ஊத்துறதைத்தான் காட்டுவாங்க. 2023 ஏப்ரல்ல ஆலாந்துறை பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலையில எரிஞ்சப்ப சூலூர் விமானப்படைத் தளத்துல இருந்து ஹெலிகாப்டர் வந்து மலம்புழா அணையில தண்ணி மொண்டு ஊத்துச்சு, 2024 மார்ச்சுல குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பக்கம் எரிஞ்சப்பவும் வந்துச்சு. நல்ல விஷயந்தான், ஆள் ஏற முடியாத செங்குத்து எடத்துல அதுதான் உதவும். ஆனா காத்து ஜாஸ்தியா இருந்தா மேல இருந்து ஊத்துற தண்ணி சிதறி எங்கயோ போயிரும், இன்னும் ஜாஸ்தியானா பறக்கவே முடியாது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ்ல தீ எரிஞ்சப்ப அவ்வளவு வசதி இருந்தும் ராத்திரி காத்து வேகத்துல விமானம், ஹெலிகாப்டரை எல்லாம் இறக்கி நிறுத்த வேண்டியதாப் போச்சு. தீ ரொம்பப் பெருசாகற நேரத்துலதான் வானத்துல இருந்து உதவி வர முடியாது, இது எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான்.

நம்ம காட்டுல நெசமா தீயை அணைக்கிறது வேட்டைத் தடுப்புக் காவலருங்களும், தீ சீசனுக்குன்னு கூலிக்கு எடுக்குற தீத்தடுப்புக் காவலருங்களும்தான், அதுல நெறையப் பேரு இருளர், சோளகர் மாதிரி அந்த மலையிலேயே பொறந்து வளந்த சனங்க. அவங்க கையில இருக்கறது பச்சைத் தழைக் கொத்து, அருவா, மம்முட்டி, சில எடத்துல இப்ப சருகை ஊதித் தள்ளுற மெசினும் வந்துருக்குது. தழையால அடிச்சு அணைக்கணும்னா சுவாலைக்குப் பக்கத்துல நிக்கணும். சுவாலை நீளம் சுமார் 1.2 மீட்டரைத் தாண்டிட்டா கைக்கருவி வச்சுக்கிட்டு நேரா தலைக்கு எதுத்தாப்புல நிக்கக் கூடாதுங்கிறது உலகம் பூராவும் இருக்கற கணக்கு. காத்து கொஞ்சம் ஏறுனா இடுப்பளவு தீ ஆளுயரத் தீ ஆகிடும், அப்ப அந்தத் தழைக்கொத்துக்கு அர்த்தமே இல்லை. அதனால வால்ல ஆரம்பிச்சு விலாவோட ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டே போய் கடைசியா தலையை நெருக்குவாங்க, எரிஞ்ச கரிப் பக்கம் எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கற மாதிரி பாத்துக்குவாங்க. இந்த ஆளுகளுக்கு நல்ல பூட்ஸும், தண்ணியும், வாக்கி டாக்கியும், காத்து நெலவரத்தை அப்பப்ப சொல்ற ஒரு ஏற்பாடும் குடுக்கறது ஹெலிகாப்டரைவிட முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

ஃபயர் லைன்னு சொல்றது சீசனுக்கு முன்னாடியே புல்லு, சருகை எல்லாம் சுத்தமா எடுத்து, சில எடத்துல கட்டுப்பாட்டோட எரிச்சு வைக்கிற பட்டை. தீ வந்து அங்க எரியறதுக்கு ஒண்ணுமில்லாம நிக்கணும்கிறதுதான் நோக்கம். அந்த எரிப்பை காத்து அடங்கி இருக்கற நேரம் பாத்துத்தான் பண்ணுவாங்க. தீ பெருசா வந்துட்டு இருந்தா லைன்ல இருந்து எதிர்தீ வைப்பாங்க, பெரிய தீ தனக்குள்ள காத்தை இழுக்கும், கிட்ட வர்றப்ப அந்த இழுப்புல எதிர்தீ பெரிய தீயை நோக்கிப் போகும், ரெண்டும் நடுவுல சந்திச்சு எரிய ஒண்ணுமில்லாம அணையும். நேரம் தப்பி முன்னாடியே வச்சுட்டாலோ, வச்ச அப்புறம் காத்து மாறிட்டாலோ இப்ப ரெண்டு தீ. அதனால தெரியாதவங்க யாரும் எதிர்தீ வைக்கிறேன்னு கெளம்பவே கூடாதுங்க, உயிர் போற வேலை அது.

தமிழ்நாட்டுல காட்டுத்தீன்னா யாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது தேனி பக்கம் குரங்கணி. 2018 மார்ச் 11, கொழுக்குமலையில இருந்து இறங்கிட்டு இருந்த மலையேற்றக் குழுக்கள் தீயில மாட்டி 23 பேர் இறந்தாங்க. சென்னையில இருந்து வந்தவங்களோட நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் புள்ளைகளும் அதுல இருந்தாங்க. காய்ஞ்ச புல்லு, சரிவு, காத்து மூணும் ஒரே எடத்துல சேர்ந்த நாள் அது. அதுக்கப்புறந்தான் மலையேற்றத்துக்கு முறையான விதி வந்துச்சு, தீ சீசன்ல ட்ரெக்கிங்கை நிறுத்தி வைக்கிறாங்க. 'போன வாரம் கூட நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் விட மாட்டேங்கறாங்க'ன்னு செக்போஸ்ட்ல சண்டை போடுறவங்களைப் பாக்கும்போது வருத்தமா இருக்கும்.

ஒருவேளை மாட்டிக்கிட்டா என்ன பண்றது? முதல்ல புகையைப் பாருங்க, புகை எந்தப் பக்கம் சாயுதோ தீயும் அந்தப் பக்கம்தான் வரும். புகை சாயுற பக்கமே ஓடுனா தீயோட தலைகூட ஓட்டப்பந்தயம், ஜெயிக்க முடியாது. மேட்டுல ஏறி ஓடாதீங்க, பள்ளத்துக்குள்ளயும் இறங்காதீங்க. காத்துக்குக் குறுக்கா, விலாப் பக்கமா வெலகிப் போகப் பாருங்க. ரோடு, பாறை, மணல் ஓடை, உழுது போட்ட நிலம், எதுவா இருந்தாலும் சரி, எரியறதுக்கு ஒண்ணும் இல்லாத எடம் வேணும். ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச கரியான எடத்துக்குள்ள போக முடிஞ்சா அதைவிடப் பாதுகாப்பு இல்லை. 1949-ல அமெரிக்காவுல மான் கல்ச்ங்கிற எடத்துல 13 தீயணைப்பு ஆளுக செத்த தீயில அவங்களோட தலைவர் வாக் டாட்ஜ் பொழைச்சது எப்படின்னா, ஓடி முடியாதுன்னு தெரிஞ்சதும் தனக்கு முன்னாடி இருந்த புல்லுக்குத் தானே தீ வச்சு, அது எரிஞ்ச சாம்பல்ல குப்புறப் படுத்துக்கிட்டாரு, பெரிய தீ சுத்திக்கிட்டுப் போயிருச்சு.

மலைப்பக்கம் தோட்டம் வச்சுருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கரும்புத் தோகை, தென்னை மட்டை, வரப்புப் புல்லுக்கு வைக்கிற தீதான் பல நேரம் வேலி தாண்டி, இட்டேரி (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தடம்) ஓரப் புதருல புடிச்சு, அப்படியே வனத்துக்குள்ள போகுது. என்னைக் கேட்டா தோகையை எரிக்காம மூடாக்காப் போட்டுருங்க, மண்ணுக்கும் நல்லது. எரிச்சுத்தான் ஆகணும்னா மாசியில இருந்து சித்திரை வரைக்கும் மத்தியானம் வேண்டவே வேண்டாம். காத்தை அளக்க மெசின் எல்லாம் தேவையில்லை. எலை லேசா சலசலன்னா பரவாயில்லை. எலையும் சின்னக் குச்சியும் விடாம ஆடிக்கிட்டே இருந்தா மணிக்கு 12-ல இருந்து 19 கிலோமீட்டர், அதுக்கே யோசிக்கணும். புழுதியும் பேப்பரும் எந்திரிச்சு சின்னக் கிளை ஆடுனா 20-ல இருந்து 28 கிலோமீட்டர், தீப்பெட்டியைக் கையிலயே எடுக்கக் கூடாது. காத்து இல்லாத நாளா இருந்தாலும் சுத்தி ஒரு பட்டை உழுது விட்டுட்டு, தண்ணி டேங்கை ரொப்பி வச்சுட்டு, ரெண்டு ஆளை நிறுத்திட்டு, அணைஞ்ச அப்புறமும் சாம்பலைக் கெளறித் தண்ணி ஊத்திட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். இன்னைக்கு அணைஞ்ச மாதிரி கெடக்குற மட்டைக்குள்ள கங்கு இருந்தா நாளைக்கு மத்தியானக் காத்து அதைக் கெளப்பிரும். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குத் தீ போச்சுன்னா சட்டப்படி குத்தம், அது தெரிஞ்சதுதான்.

மலையில புதுசா தீ எரியறதைப் பாத்தா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு விட்டுறாதீங்க. சாட்டிலைட் பாத்து வனத்துறைக்கு எஸ்எம்எஸ் போற ஏற்பாடு இருக்குது, ஆனா அந்த சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல எப்பவும் நிக்கறதில்லை, ஒரு நாளைக்குச் சில தடவைதான் தாண்டிப் போகும், நடுவுல புடிச்ச தீ அதுக்குத் தெரிய மணிக்கணக்காகலாம். 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்க, ரேஞ்ச் ஆபீஸ் நம்பர் இருந்தா இன்னும் நல்லது. எந்த மலை, எந்த ஊருக்கு நேரா, சரிவுல அடியிலயா நடுவுலயா உச்சியிலயான்னு சொல்லிட்டு, புகை எந்தப் பக்கம் சாயுதுன்னும் மறக்காம சொல்லுங்க. அரை மணி நேரம் கழிச்சு புகை வேற பக்கம் சாய்ஞ்சா திரும்பவும் கூப்பிட்டுச் சொல்லுங்க, ஏன்னா அப்ப மலை மேல ஏறியிருக்கற ஆளுகளுக்கு கீழ இருந்து உங்களுக்குத் தெரியறது புகைக்குள்ள இருந்து தெரியாது.